பால் குடித்த சுரண்டல்காரன்

1979-ஆம் வருடம் ஆவணி மாதம், தா.பழூர்ப் பக்கத்துப் பங்குக்கோயில் ஒன்றில் ஜென்மப் பாவம் முறைப்படி ஒழிக்கப்பட்டது. காலியான இடத்தில் தனிச்சொத்து நியமிக்கப்பட்டது.

மார்க்ஸையும் பைபிளையும் இணைக்கும் பெங்களூர்க் கருத்தரங்கிலிருந்து தாடியும் ஜோல்னாப் பையுமாகத் திரும்பிய அமலதாஸ் சாமியார், பிதா கருத்து, சுதன் எதிர்க்கருத்து, பரிசுத்த ஆவி இரண்டின் இணைப்பு என்று பூசையிலேயே பிரகடனம் செய்தார். ஆமென் சொல்வதா, கோஷம் போடுவதா என்று தெரியாத சனங்கள் இரண்டையும் செய்தார்கள்.

இந்தத் தத்துவமெல்லாம் சம்பூர்ணத்துக்கு எட்டவில்லை. மாசம்கூட ஆகாத அவள் பிள்ளை மடியில் அனலாய்க் கொதித்தது. ஞானஸ்நானம் இல்லாமல் போய்விட்டால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் குழி. பிள்ளையை அள்ளிக்கொண்டு சாமியாரிடம் ஓடினாள்.

“சாமி, தலையில கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, போதும்.”

“ஊத்தலாம்மா. மொதல்ல இவன் எந்த வர்க்கம்னு பங்குச் சபை தீர்மானிக்கட்டும்.”

சபை கூடியது. போன மாசம்வரை பிரம்போடு ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் செல்லக்கண்ணு விசாரணையைத் துவக்கினார்.

“புள்ள வேலை ஏதும் பாக்குதா?”

“பொறந்து மாசமே ஆவலிங்க!”

“சாப்பாடு?”

“தாய்ப்பால்தான்.”

சபை திடுக்கிட்டது.

“உழைப்பு ஒன்னோடது, அனுபவிக்கிறது இவன்,” என்றார் சாமியார் வருத்தத்துடன். “அப்பட்டமான சுரண்டல். சுயவிமர்சனம் செஞ்சாத்தான் தண்ணி.”

குழந்தை வீறிட்டது.

“இதோ செய்யுதுங்களே சாமி!”

“இது சுயவிமர்சனமா, எதிர்ப்புரட்சியான்னு எப்படி நம்புறது?” என்றார் உபதேசியார். ஆராயத் துணைக்குழு அமைக்கப்பட்டது. டீ வந்தது.

அழுகை சட்டென்று நின்றது. குழந்தையின் கண் மேலே செருகியது. உயிருக்கு ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மடத்து சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னது சம்பூர்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. டீயோடு வந்த தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே பிள்ளை தலையில் கவிழ்த்துவிட்டாள். குழந்தை தும்மியது. பிறகு ஓடு பறக்கிற மாதிரி அழுதது.

சாமியார் துள்ளி எழுந்தார். “பாத்தீங்களாய்யா! திருவருட்சாதனத்த மக்களே கைப்பற்றிட்டாங்க! இதுதான் புரட்சி!”

சபை அங்கேயே கலைக்கப்பட்டு, புதிய சபைக்குச் சம்பூர்ணம் தலைவியானாள். கை வைத்த நாற்காலியும் அந்தச் செம்பும் அவள் பொறுப்பில் வந்தன. பொழுது சாய்வதற்குள் குழந்தையின் காய்ச்சலும் இறங்கியது.

மறுமாதம் பொன்னுத்தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அக்கா, ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது. செம்ப எடுங்கக்கா, நல்லாருப்பீங்க!”

சம்பூர்ணத்துக்குக் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“ஒக்காரு பொன்னுத்தாயி. எனக்குத் தெரியாதா, நானும் புள்ள பெத்தவதான். இன்னும் நாலு பேரு வரட்டும், சபை கூடிரும்.”