மூன்று பேராக வந்த முருகவேல்

"இப்போ பேசுனது யாருப்பா? செங்கோடனா, நாகய்யாவா?" என்று அல்தாஃப் கேட்டான்.

முருகவேலுக்கே அது சந்தேகமாக இருந்தது.

அரக்கோணம் சாலையில் அல்தாஃபின் மெக்கானிக் கடை மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் ஆட்டம். அல்தாஃப் ஒரு கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி அதற்குள் நடப்பார்கள். வேலை, கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது முருகவேலும் பள்ளிப்பட்டு ஹேமாவதியும்தான். அவளை ஸ்கூட்டரில் அழைத்துவரும் அக்கா நிர்மலா, ஆட்டம் முடியும்வரை கதவோரம் உட்கார்ந்திருப்பாள்.

ஹேமாவதியும் நின்றுவிட்டால் ஆட்டமே இல்லை. வாரமெல்லாம் முருகவேல் காத்திருப்பது இந்த ஒரு மாலைக்குத்தான். ஆள் குறை தெரியாமலிருக்க, படைவீரன் செங்கோடன், திருடன் நாகய்யா என இருவராக ஆடிவந்தான்.

"கொழப்பம் வேணாம். நாகய்யா இனிமே தெலுங்குல பேசுவான்," என்றான்.

"செங்கோடன் தெக்கத்தி ஆளுன்னு நீதானே சொன்ன? அவனுக்குத் தெலுங்கு எப்டிப் புரியும்?"

மொழிபெயர்க்க அம்புஜம் என்ற வைத்தியச்சியை இறக்கினான் முருகவேல். அவள் நாகய்யா சொன்னதை மாற்றிச் சொன்னாள். செங்கோடன் கத்தியை உருவினான். "நேனு ரானு, போ," என்று வரமறுத்து நாகய்யா புதையல் குகையின் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். மூன்று குரலில் சண்டை போட்டு முருகவேலுக்கு வியர்த்துவிட்டது.

"இன்னா ஹேமா, பேசவே இல்லியே?" என்று அவளிடம் கேட்டான்.

"நீங்க மூணு பேரும் முடிங்க. அப்புறம் நான் பேசறேங்க."

இவளும் நின்றுவிடுவாளோ என்று முருகவேல் பயந்தான். அல்தாஃப் பக்கம் திரும்பினான். "மேலேர்ந்து பாறை உருளுது. நாகய்யாவும் அம்புஜமும் அடியில மாட்டிக்கினாங்க."

"டைஸ் உருட்டுப்பா, தப்பிச்சாலும் தப்பிப்பாங்க."

"வேணாம். ரொம்பப் பேசிட்டாங்க."

அதன்பின் ஆட்டம் பறந்தது. ஹேமாவதி நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டே உருட்டலில் புதையலை எடுத்து, தன் கைப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் இவ்வளவு உற்சாகமாக இருந்து முருகவேல் பார்த்ததில்லை. மனசு நிறைந்துபோனது.

"வர்ற ஞாயித்துக்கெழமையும் வந்துடுங்க," என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நிர்மலா திரும்பிப் பார்த்தாள்.

"நாகய்யாதான் செத்துட்டானே, இனிமே எதுக்குங்க? அவன் போடற சண்டையைக் கேக்கத்தானே, வரமாட்டேன்னு அடம்புடிக்கிற இவளை வாராவாரம் இழுத்துகினு வந்தேன்."