அக்காவின் சம்மதமும் பதினொன்று நாற்பது அலாரமும்

என்னிடம் இருக்கும் தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பி ஒன்றின் நாற்பத்தேழாம் பக்கத்தில் நீல மையில் இப்படி எழுதியிருக்கிறது: "தை மாதம், புதன்கிழமை, முற்பகல் 11.40. நல்லூர். முதலாம் சீசன் வெற்றிகரமாக நிறைவு. பார்வையாளர் மூவர். மூவரும் பேச்சற்றுப் போயினர்."

அதற்கு நேர் கீழே, அதே நாளில், கறுப்பு மையில் இரண்டே சொற்கள்: "எல்லாம் பிழைச்சுப்போச்சு." நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையில் கழிந்தது மூன்றரை மணித்தியாலம். (மை மாறியதற்குக் காரணம், நீலப் பேனையை அம்மா பறித்துக் கிணற்றடிக்கு அப்பால் எறிந்தது.)

அந்த மூன்றரை மணித்தியாலத்தில் நான் செய்தது முட்டாள்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஆராய்ச்சியின் அடிப்படையில் செய்த முட்டாள்தனம்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பல்கலைக்கழக இறுதிப் பெறுபேறுக்காகக் காத்திருந்தேன். மயிலிட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் நானும் அக்காவும் இரவுச் சாப்பாட்டோடு தொடர் பார்ப்போம். தமிழில் குரல் கொடுத்தவை, கீழே எழுத்து ஓடுபவை, எதையும் விடுவதில்லை. அக்கா கதையைப் பார்ப்பாள். நான் ஒவ்வொரு சீசனும் எப்படி முடிகிறது என்பதைத் திகதியோடு கொப்பியில் குறித்துக்கொள்வேன். குறிக்கக் குறிக்க, முடிவுகள் எல்லாம் நான்கு வகைக்குள் அடங்கிவிடுவதைக் கண்டேன்.

முதல் வகையில் கதவு தட்டப்படும். திறப்பவளின் முகம் தெரியும், வந்தவர் யார் என்று தெரியாது. இரண்டாவதில் வெடிச்சத்தம் கேட்கும், திரை கறுத்துப்போகும், யாருக்குப் பட்டது என்று அடுத்த வருடம்தான் சொல்வார்கள். மூன்றாவதில் கதாநாயகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அவன் கேட்பான், முகம் மாறும், எழும்பிப் போய்விடுவான். என்ன செய்தி என்பது நமக்கு இல்லை. நான்காவதில் செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய ஆள் வாசலில் வந்து நிற்பார்.

இப்படி முடியும்போதெல்லாம் அக்காவுக்குக் கோபம் வரும். "எட்டு மாசம் மனிசரைக் காக்க வைக்கிறது நியாயமோடா?" என்பாள். ஆனால் எட்டு மாதம் கழித்து அடுத்த சீசன் தொடங்கும் நாளை எனக்கு ஞாபகப்படுத்துபவளும் அவள்தான். எல்லாச் சிக்கலும் தீர்ந்து, எல்லோரும் சிரித்தபடி முடிந்த தொடர்களின் பெயர்கூட அவளுக்கு நினைவில்லை. இந்த வேறுபாட்டைக் கொப்பியில் சிவப்பால் அடிக்கோடிட்டு, பக்கத்தில் ஒரு விதி எழுதினேன்: "முழுவதும் சொன்னவனை மறந்துவிடுவார்கள்."

அந்த விதியைத் தொலைக்காட்சியோடு விட்டிருக்கலாம்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அதற்கு முன் மூன்று இடத்தில் பேச்சு நடந்து, மூன்றும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருந்தன. சாதகம் பொருந்தியிருந்தது. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. மெல்ல மெல்ல ஆர்வம் குறைந்து, தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது நின்றபோது அக்கா இரண்டு கிழமை தொடர் பார்க்க வரவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது இடம் நல்லூர். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் ஆய்வுகூட உத்தியோகத்தர். அவருடைய தகப்பனார் ஓய்வுபெற்ற தபாலதிபர். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு மாப்பிள்ளை ஒருநாள் அக்காவோடு தொலைபேசியில் கதைத்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அக்கா சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து வெகுநாள். அவர்கள் பக்கம் விருப்பம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பதில் மட்டும் மிச்சம்.

பதிலை மாமா நேரில் போய்ச் சொல்வதாக இருந்தது. பெண்ணின் தகப்பன் தானே போய் நிற்பது அழகில்லை என்பதால் அப்பா வழமைபோல விடியவே கடலுக்குப் போய்விட்டார். மாமாவுக்குத் திடீரென்று காய்ச்சல். எனவே நான். அம்மா என்னை நிற்க வைத்து மூன்று காரியங்கள் சொல்லித் தந்தா. பன்னிரண்டுக்கு இராகுகாலம் தொடங்க முன்னம் அக்காவுக்குச் சம்மதம் எண்டு சொல்ல வேணும். அவை தாற தேத்தண்ணியைக் குடிக்க வேணும். போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வர வேணும். நான் திரும்பி வரும்வரை மாப்பிள்ளையோடு கதைக்கக் கூடாது என்று அக்காவுக்கும் ஒரு கட்டளை. அக்கா அன்று லீவு போட்டிருந்தாள். நான் புறப்படும்போது என் சேட்டுக் கொலரைச் சரிசெய்துவிட்டாள்.

பஸ்ஸில் எனக்கு யோசனை ஓடியது. முந்தின மூன்று இடத்திலும் நாங்கள் விட்ட பிழை என்ன? முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவர்கள் காத்திருப்பதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. இன்றைக்குப் போய்ச் "சம்மதம்" என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும், ஆர்வம் குறையும், நாலாவதும் போகும். அக்கா மறுபடியும் தொடர் பார்க்க வரமாட்டாள். பதிலை ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட்டால், நாலு நாளும் அவர்கள் அக்காவையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். (இதை யோசித்தபோது சுன்னாகம் தாண்டவில்லை. அங்கே இறங்கி வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.)

மூன்றாம் வகையைத் தேர்ந்தெடுத்தேன். கைத்தொலைபேசியில் பதினொன்று நாற்பதுக்கு அலாரம் வைத்தேன்.

தபாலதிபர் ஐயா என்னைக் கதிரையில் இருத்தினார். பக்கத்தில் அவருடைய மனைவி அன்ரி, யன்னலோரம் மாப்பிள்ளை. முக்காலியில் தேத்தண்ணி வந்தது. ஐயா பஸ் வசதி, காற்று நிலைமை எல்லாம் விசாரித்து முடித்தபோது மணிக்கூட்டில் 11.39.

"சொல்லுங்கோ தம்பி, வீட்டிலை என்னவாம்?"

"அக்கா வடிவா யோசிச்சவ, ஐயா. யோசிச்சு ஒரு பதில் சொல்லியிருக்கிறா. அந்தப் பதில் என்னவெண்டால்..."

அலாரம் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். "ஹலோ... ஓம்... எப்ப?" என்றேன். பிறகு முகத்தை மாற்றினேன். கண்ணாடிக்கு முன்னால் நான் பலமுறை செய்து பார்த்த முகம் அது. கண்ணாடியில் மர்மமாகத்தான் இருந்தது. நல்லூரில் அது இழவு முகமாக வந்துவிட்டது.

அன்ரி பதறி, "வீட்டிலையோ தம்பி?" என்று கேட்டா. மெல்லத் தலையாட்டினேன்.

"அப்பாவோ?"

என் கொப்பியின் விதிகளில் ஒன்று, சீசன் முடிவில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லப்படாது என்பது. ஆகவே நான் நிலத்தைப் பார்த்தேன். தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்தேன். எழும்பினேன். ஆவி பறந்த தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு, போட்டு வாறன் என்றும் சொல்லாமல் வெளியே நடந்தேன். வாசல் படலையடியில் ஐந்து எண்ணும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். தொடரென்றால் திரை கறுப்பது அந்த இடத்தில்தான்.

பார்வையாளர்கள் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டுமென்பதால் தொலைபேசியை நிறுத்தினேன். கோயிலடிக்குப் போய், ஒரு ஐஸ்கிறீம் வாங்கி, நாற்பத்தேழாம் பக்கத்தை எழுதினேன்.

இதற்குப் பிறகு நடந்தவற்றைச் சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியே கேட்டுத் தொகுத்திருக்கிறேன்.

கடலுக்குப் போகிற மனிதர், முந்தின இரண்டு நாளும் காற்று, மகன் அழைப்பு வந்ததும் முகம் செத்துப்போய் எழும்பிப் போகிறான். ஐயாவும் அன்ரியும் வேறென்ன நினைப்பார்கள்? எனக்கு அழைத்தார்கள், தொலைபேசி வேலை செய்யவில்லை. மாப்பிள்ளை அக்காவுக்கு மூன்று தடவை அழைத்தார். அக்கா, பதில் போய்ச் சேர்ந்த சந்தோசத்தில் அழைக்கிறார் என்று நினைத்து, அம்மாவின் கட்டளையும் வெட்கமும் சேர, மூன்று தடவையும் தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு அழைத்தால்தான் போவார்கள். செத்தவீட்டுக்கு யாரும் அழைக்கத் தேவையில்லை. போகாமல் இருப்பதுதான் பிழை. சம்பந்தம் பேசிய இடமென்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு மணிக்கு மூவரும் வாடகைக்கு ஒரு வான் பிடித்தார்கள்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது இதைத்தான். தொடர் பார்க்கிறவர்கள் சீசன் முடிந்ததும் கதாநாயகியின் வீட்டுக்கு வான் பிடித்து வருவதில்லை.

3.10க்கு நான் பஸ்ஸால் இறங்கினேன். (அக்கா 3.05 என்கிறாள். எங்கள் வீட்டு மணிக்கூடு ஐந்து நிமிடம் பின்.) எங்கள் படலையில் வான் நின்றதைக் கண்டு, ஞாயிறு வரைகூடப் பொறுக்க முடியாத அளவுக்கு ஆர்வம் கூடிவிட்டதே என்று பெருமைப்பட்டேன். அடுத்ததாக, பக்கத்து வீட்டு அண்ணை சனசமூக நிலையத்துப் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிச் சுமந்துகொண்டு போவதைக் கண்டேன். வானிலிருந்து மலர்வளையம் இறங்கியதைப் பார்த்ததும் அவர் ஓடியிருக்கிறார். ஆர் எண்டு பிறகு கேப்பம், முதல் கதிரையை எடுப்பம் என்று யோசித்தாராம்.

முற்றத்தில் வெள்ளை வேட்டியோடு ஐயா. அவர் என்னைக் கட்டிப்பிடித்து, காதருகே, "எப்ப எடுக்கிறியள் தம்பி?" என்று கேட்டார். ஐஸ்கிறீம் எனக்குள் மறுபடியும் உறைந்தது.

உள்ளே அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தா. வானின் சத்தம் கேட்டதும், நல்ல பதில் கிடைத்த சந்தோசத்தில் உடனே வந்துவிட்டார்கள் என்று நினைத்து, முறுக்குத் தட்டோடும் முகம் நிறைந்த சிரிப்போடும் வெளியே வந்தா. புருசன் செத்த வீட்டில் அடுப்பு எரிகிறது, மனுசி சிரித்துக்கொண்டு பலகாரம் நீட்டுகிறா. அன்ரிக்கு நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். "ஐயோ, தாங்கேலாமல் இப்பிடி ஆயிட்டாவே" என்று அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதா. சம்பந்தி ஆனந்தத்தில் அழுகிறா என்று நினைத்து அம்மாவும் அழுதா. இரண்டு பேரும் முறுக்குத் தட்டை நடுவில் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எந்தக் கண்ணீர் எதற்கு என்று அந்த முற்றத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

அப்போதுதான் அப்பா வந்தார். தோளில் துவாய், கையில் இரண்டு பாரை மீன். வெள்ளை உடுப்புகளையும் கதிரைகளையும் மலர்வளையத்தையும் பார்த்துவிட்டு, மீனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆர் மோனை?" என்று என்னிடம் கேட்டார்.

"நீங்கள்தான், அப்பா."

என் கொப்பியின் நான்காம் வகை. வாழ்க்கையில் அதை நேரில் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

ஐயா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப அந்தப் போன்?"

"அலாரம், ஐயா."

எண்ணெய்ச் சட்டி கொதிக்கும் சத்தம் முற்றம்வரை கேட்டது. கொப்பி, நான்கு வகை, மூன்று இடம், ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆராய்ச்சி சிறுத்துக்கொண்டே போனது. ஐயா வேட்டியைச் சரிசெய்தார்.

"முப்பது வருசம் தபாலோடை நிண்டனான். பாதியிலை கிழிச்ச கடிதத்தை இண்டைக்குத்தான் கண்டனான். மிச்சத்தை இப்ப ஆர் வாசிக்கிறது?"

கோபமா, வேடிக்கையா என்று அவர் குரலில் பிடிபடவில்லை. அவர் திரும்பி வானைப் பார்த்தார். நாலாவது இடமும் போய்விட்டது, இந்தமுறை என்னால், என்று நினைத்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்து நின்றாள். எங்கள் வீட்டில் பெண் இப்படித் தானாக முன்னுக்கு வந்து கதைக்கிற வழக்கமில்லை. அவள் ஐயாவைப் பார்த்தாள். ஆனால் சொன்னது அவருக்குப் பின்னால் கண் சிவந்து நின்ற மாப்பிள்ளைக்கு.

"சம்மதம் எண்டு சொல்லத்தான் உவனை அனுப்பினது."

அப்போது இராகுகாலமும் முடிந்திருந்தது. (இது நான் மணிக்கூட்டைப் பார்த்து உறுதிசெய்தது.) பிறகு ஐயா பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு இருந்து, "அப்ப தேத்தண்ணியை ஊத்துங்கோ. அங்கை ஒண்டு ஆறிப்போய்க் கிடக்குது" என்றார்.

மலர்வளையம் பெரும் சிக்கலாகிவிட்டது. வீட்டுக்குள் எடுக்க முடியாது. வானில் திருப்பி ஏற்றவும் முடியாது. கடைசியில் அப்பாவே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்க் கடலில் விட்டார். தன்னுடைய மலர்வளையத்தைத் தானே சுமந்துகொண்டு போனவர் எங்கள் ஊரில் வேறெவரும் இல்லை என்பது அவருக்கு இன்றைக்கும் பெருமை.

ஆனியில் கலியாணம் நடந்தது. அக்காவும் அத்தானும் இப்போது உடுவிலில் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாரிடமாவது விருப்பமில்லாத கேள்வி கேட்டால், அவர் உடனே வெறுங்கையைக் காதில் வைத்து, "ஹலோ... ஓம்... எப்ப?" என்று எழும்பிவிடுவார். அப்பா மருந்து குடித்தாரா என்று அம்மா கேட்கும்போதுகூட இது நடக்கிறது. எனக்குப் பெண் பேசியபோது பதில் சொல்ல ஒருவருக்கு இருவராக அனுப்பினார்கள். இருவருடைய தொலைபேசியையும் அம்மா வாங்கி வைத்துக்கொண்டா.

ஒரு விடயம் மட்டும் பாக்கி. போன தீபாவளிக்கு உடுவிலில் அத்தான் தற்செயலாக ஒன்று சொன்னார். என் அலாரச் சத்தமும் அவர் விடியவே எழும்ப வைக்கிற அலாரச் சத்தமும் ஒன்றாம். கேட்ட உடனேயே தனக்கு விளங்கிவிட்டதாம். அப்படியென்றால் ஏன் வானில் ஏறினீர்கள் என்று கேட்டேன். "வேறை என்ன சாட்டுச் சொல்லி அண்டைக்கே உங்கடை அக்காவைப் பாக்கிறது?" என்றார். அக்கா இதை நம்பவில்லை. மூன்று தடவை அழைத்ததும், சிவந்த கண்ணும் பொய்யா என்கிறாள். கண் சிவந்தது தூசியால் என்கிறார் அத்தான். தாய் அப்படி அழும்போது தெரிந்தும் பேசாமல் நின்றிருப்பாரா என்று எனக்கும் சந்தேகம்தான். இதுவரை மூன்று திகதிகளில் அவரிடம் நேரடியாகக் கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் அவர் தொலைபேசியைக் காதில் வைத்து, தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

ஆகவே நாற்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: அது அலாரம் என்று அத்தானுக்கு அன்றே தெரிந்திருந்ததா என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.