வளைகாப்பன்று நான் சாத்திய கதவு

ஓய்வு பெற்ற ஆணிடம் ஒரு பழைய வீட்டையும் நிறைய நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரண்டில் ஏதாவது ஒன்றைக் கொடுக்கலாம். என்னிடம் இரண்டும் இருந்தன. போதாததற்கு என் மகள் வித்யா முழுகாமல் இருந்தாள்.

எங்கள் வீடு திருவாரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், வயலும் வாய்க்காலும் சூழ்ந்த தெருவில் இருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் வித்யா பிரசவத்துக்கு இங்கே வருவதாக ஏற்பாடு. என் மனைவி சரோஜா அந்த மூன்று மாதத்துக்காகத்தான் உயிர் வாழ்கிறாள் என்று தோன்றும். பிரசவ லேகியத்துக்கு வேண்டிய மருந்துச் சாமான்களை அப்போதே வாங்கி டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் சுற்றி, அந்தத் துணியை யாரும் தொடக் கூடாது என்று சட்டமும் போட்டுவிட்டாள்.

நானும் என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? (வேண்டாம் என்று இப்போது தெரிகிறது.) வித்யாவின் பழைய அறையைப் புதுப்பிப்பது என்று முடிவெடுத்தேன். மேல்நாட்டுக் கழிவறை, வழுவழு டைல்ஸ், புது வர்ணம்.

"வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல இடிக்கக் கூடாதுங்க. ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்றாள் சரோஜா.

"அவ இருக்கிறது மன்னார்குடியில, மாமியார் வீட்டுல. இந்த வீட்டுல யாரு வயித்துப் பிள்ளைக்காரி? நீயா?"

அவள் பார்த்த பார்வையில் சுவரே இடிந்திருக்க வேண்டும். ஆனாலும் என் வாதத்தில் ஓட்டை இல்லாததால் ஒப்புக்கொண்டாள். ஒரே நிபந்தனை. வித்யா காலடி வைத்தபின் வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது.

கொத்தனார் கலியமூர்த்தி வந்தார். என்னைப் போலவே உற்சாகமானவர். "சார், இதையும் சேத்து முடிச்சிடலாம் சார்" என்பது அவருடைய தாரக மந்திரம். அந்த அறைக்குக் கொல்லைப்புறமாக இன்னொரு கதவு உண்டு. கழிவறைக்கு இடம் வேண்டுமென்று அதைச் செங்கல் வைத்து அடைத்தோம். பழைய சிவப்புத் தரையைக் கொத்தாமல் அதன் மேலேயே டைல்ஸ் பதித்தோம். தரை இரண்டு விரற்கடை உயர்ந்தது. தேக்குக் கதவின் அடி டைல்ஸில் லேசாக உரசியது. "லேசாத்தானே" என்று நான் சொன்னேன். "லேசாத்தான் சார்" என்று அவரும் சொன்னார்.

பிறக்கப்போவது பேரனா பேத்தியா தெரியாததால் இரண்டு சுவருக்கு ரோஜா நிறம், இரண்டு சுவருக்கு நீலம். கதவுக்குப் பளபளவென்று எனாமல் பெயின்ட். கலியமூர்த்தி எல்லாவற்றையும் நின்று பார்த்துவிட்டு, "கட்சி ஆபீஸ் மாதிரி அம்சமா இருக்கு சார்" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. எங்கள் பக்கம் வளைகாப்பை மாப்பிள்ளை வீட்டில் செய்து, அங்கிருந்துதான் பெண்ணை அழைத்து வருவார்கள். நான் சம்பந்தியம்மாவிடம் கெஞ்சி, "இந்த முறை எங்க வீட்டுலயே வச்சுக்கலாங்க" என்றேன். காரணம் பாசம் இல்லை. டைல்ஸை நாலு பேர் பார்க்க வேண்டும்.

சம்பந்தியம்மா தனலட்சுமி சாதாரண ஆள் இல்லை. "முதல் பிரசவம்னாலும் பரவால்ல, மன்னார்குடியிலயே பாத்துக்கலாம். ஆஸ்பத்திரி வீட்டு வாசல்ல இருக்கு" என்று தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்தவர். சரோஜா அதைக் கேட்கும்போதெல்லாம் லேகிய டப்பாவை இன்னொரு துணியில் சுற்றுவாள்.

வளைகாப்பு நாள் விடிந்தது. ஐப்பசி மழை. அப்போதுதான் நட்டு முடித்த சம்பா வயலெல்லாம் தண்ணீர். தெருவில் சேறு. ஆனாலும் சனம் குறையவில்லை. வந்த ஒவ்வொருவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, அறைக்கு அழைத்துப் போய், டைல்ஸைக் காட்டி, கழிவறையில் தண்ணீர் விட்டுக் காட்டினேன். ஒரு பெரியவருக்கு இரண்டு முறை காட்டினேன்.

பட்டுப்புடவை மாற்றிக்கொள்ள வித்யா அறைக்குள் போனாள். கதவைச் சாத்த முடியவில்லை.

"அப்பா, கதவு வரமாட்டேங்குது."

"நீ சிரமப்படாதேம்மா. நான் இழுத்துச் சாத்துறேன்."

வாசக்காலில் ஒரு காலை உதைத்து, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சொத்தென்று மூடியது. எவ்வளவு கச்சிதமான வேலை என்று மனதுக்குள் கலியமூர்த்தியைப் பாராட்டினேன்.

கால் மணி கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, இப்ப தொறக்க வரமாட்டேங்குது."

ஈரத்தில் மரம் உப்பும். இது கல்லூரியில் காலமெல்லாம் இயற்பியல் நடத்திய எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். உப்பிய கதவு கீழே டைல்ஸிலும் மேலே வாசக்காலிலும் இறுகி, பிசுபிசுத்த எனாமல் அதைப் பசை போலப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு வழியை நானே செங்கல் வைத்து அடைத்திருந்தேன்.

மாப்பிள்ளை பிரபு தோளால் ஒரு மோது மோதினார்.

"ஏங்க, மோதாதீங்க! நீங்க மோதுறப்பல்லாம் உள்ள இது திருப்பி உதைக்குது" என்றாள் வித்யா. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை.

கலியமூர்த்தி மரம் அறுக்கும் மெஷினை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "கீழ ஒரு இஞ்சு அறுத்துட்டா முடிஞ்சுது சார்."

"அறுக்கக் கூடாது!" சரோஜாவும் சம்பந்தியம்மாவும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சிக்கல் இதுதான். கர்ப்பிணி வீட்டுக்குள் இருக்கும்வரை கதவை அறுக்க முடியாது. கதவை அறுக்காமல் கர்ப்பிணி வீட்டை விட்டு வர முடியாது.

"நல்ல நேரம் போயிட்டிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். சம்பந்தியம்மா சுற்றிலும் பார்த்தார். "ஜன்னல் இருக்குல்ல? எல்லாரும் குடையை எடுங்க."

அப்படித்தான் என் மகளின் வளைகாப்பு வீட்டுக்கு வெளியே, பக்கத்துச் சந்தில், மழையில் நடந்தது. வித்யா ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இரண்டு கையையும் நீட்டினாள். பட்டுப்புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்த பெண்கள் குடையோடு வரிசையில் நின்று, சந்தனம் பூசி, வளையல் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ரேஷன் கடை வரிசைகூட இவ்வளவு ஒழுங்காக நகர்ந்து நான் பார்த்ததில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கம்பி வழியாகத் தட்டில்லாமல், உருண்டை உருண்டையாக உள்ளே போயின. சரோஜா ஊட்டிவிட்டாள். மழைத்தண்ணீரோடு வேறு ஏதோ அவள் கன்னத்தில் வழிந்தது. நான் பார்க்காததுபோல் அவளுக்குக் குடை பிடித்தேன். அந்தக் குடையையும் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்த வித்யாவுக்கு யோசனை வந்தது. "அத்தை, பட்டைக் கீல்தான். திருகாணியெல்லாம் என் பக்கம் இருக்கு. கழட்டலாமா?"

சந்தில் நின்ற அத்தனை பேரும் சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள். அவர் சற்று யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "ஆணி அடிக்கத்தான் கூடாது. கழட்டறதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. கழட்டும்மா."

திருப்புளி கம்பி வழியாக உள்ளே போனது. திருகாணி ஒவ்வொன்றின் மேலும் நான் ஆசையாக அடிக்கச் சொன்ன எனாமல் இருந்தது. வித்யா கொண்டை ஊசியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து கழற்றினாள். ஒவ்வொரு திருகுக்கும் கை நிறைய வளையல்கள் கலகலவென்று குலுங்கின. கதவில் காதை வைத்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சிறு வயதில் என் மேசை விசிறியைப் பிரித்துப் போட்டதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். அதற்கும் சேர்த்து அப்போது மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"கழட்டிட்டேன்பா. கதவு அப்படியே நிக்குது."

"நீ பாத்ரூமுக்குள்ள போய் நில்லும்மா. நாங்க தள்ளுறோம்!"

"பாத்ரூம் கதவைச் சாத்திடாத!" என்று சந்திலிருந்து மொத்த சனமும் அலறியது.

மாப்பிள்ளையும் நானும் மேல்பக்கமாகத் தள்ளினோம். ஒன்றும் அசையவில்லை. மாப்பிள்ளை மூச்சு வாங்க நின்ற நேரத்தில் நான் தனியாக, என் தவறையெல்லாம் தோளில் திரட்டி, ஒரு மோது மோதினேன். கதவு முழுசாக உள்ளே சாய்ந்தது. அதன் மேலே நானும். இடி விழுந்த சத்தம். நான் எழுந்தபோது என் முழங்கால் பத்திரமாக இருந்தது. டைல்ஸ் நடு அறைவரை விரிசல் விட்டுப் பிளந்திருந்தது.

வித்யா மெதுவாக வந்து, கதவைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். சம்பந்தியம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, இதை அப்படியே விட முடியாதுல்ல?"

"ரெண்டே நாள்ல மாத்திடலாங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன்.

"அப்ப கொத்தணும். வயித்துப் பிள்ளைக்காரி மன்னார்குடியில இருந்தா இங்க இடிக்கலாம்னு நீங்கதானே சரோஜாகிட்ட சட்டம் பேசினீங்களாம்?"

என் வாதத்தில் இப்போதும் ஓட்டை இல்லை. சாயங்காலம் வித்யா மன்னார்குடிக்கே திரும்பிப் போனாள். கார் நகரும்போது சரோஜா கையை ஆட்டவில்லை. அறையில் விரித்து வைத்திருந்த புது மெத்தைவிரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதுவதே அந்த ஒரு மடிப்புக்காகத்தான். மற்றதெல்லாம் சிரிப்பு. தரை சரியான பிறகும், வயித்துப் பிள்ளைக்காரியை மறுபடி அலைக்கழிக்கக் கூடாதென்று சம்பந்தியம்மா வித்யாவை அனுப்பவில்லை. தன் வீட்டில், தன் அடுப்பில், தன் பெண்ணுக்குச் சமைத்துப் போட நினைத்தவள், கடைசி மாதம் லேகிய டப்பாவோடு சம்பந்தி வீட்டுக்குப் போய், உப்பு எங்கே புளி எங்கே என்று கேட்டுக்கேட்டுச் சமைத்தாள். டைல்ஸை நாலு பேருக்குக் காட்டும் ஆசையில் அவளுடைய மூன்று மாதத்தை நான் தொலைத்துவிட்டேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். "சாப்பிடுங்க." "மருந்து போட்டீங்களா?" அவ்வளவுதான்.

பிரசவ வலி எடுத்த அன்று மன்னார்குடி ஆஸ்பத்திரியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பிரசவ அறைக் கதவு மூடியிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சரோஜாவின் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. சம்பந்தியம்மா அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, இந்தக் கதவை நீங்க சாத்தலையே?"

முதலில் சிரித்தது சரோஜா. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு என் பக்கம் திரும்பி, என் கையில் ஒரு அடி வைத்தாள். அந்த அடிக்காக நான் இன்னும் எவ்வளவு டைல்ஸ் வேண்டுமானாலும் உடைத்திருப்பேன். சிரிப்பு அடங்குவதற்குள் கதவு திறந்தது. பேத்தி.

அந்தப் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். விடுமுறைக்கு வந்தால் பாட்டியோடு அந்த அறையில்தான் படுக்கை. அறைக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான். நான் வருவதைப் பார்த்ததும் சின்னது இரண்டு கையாலும் திரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறது:

"ஆச்சி, தாத்தா வராங்க! சாத்திடப் போறாங்க!"