மஞ்சள் சதுரமும் அறுப்பின் பண்டிகை ஏலமும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே வாசிக்க முடியாது. எந்த ‘ர’ எங்கே வரும் என்பதெல்லாம் நாலாம் வகுப்போடு என்னை விட்டுப் போய்விட்டது. இதைத் திருத்தித் தட்டச்சு செய்தது என் மகள் ஷைனி. ஆகவே பிழை இருந்தால் அவளுடையது. மானக்கேடு மட்டும் முழுக்க என்னுடையது.

நான் பயந்த சுபாவம். சாதாரணப் பயம் இல்லை. ஒரு காலத்தில் குன்னத்துகாலில் இறங்க வேண்டிய நான், பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் ‘ஆள் இறங்கணும்’ என்று சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், அங்கிருந்து திரும்பி நடந்து வருவேன். நான் கடன்பட்டுப் பெட்டி ஆட்டோ வாங்கியதற்கு முக்கியமான காரணம் தொழில் அல்ல, இதுதான். (மனைவி சுகந்திக்கு இன்றுவரை இது தெரியாது. இனித் தெரியும்.)

இப்படிப்பட்டவன் ஓவியம் சேகரிக்கிற ஆளானது மச்சினன் ஜஸ்டினால். அவன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். ஒருமுறை லீவில் வந்தபோது என் போனில் ஓர் இணைய ஓவியக் கூடத்தை ஏற்றிக் கொடுத்தான். அங்கே ஓவியர்கள் படம் வரைவதில்லை. படம் வரைவதற்கான விதிகளைக் கம்ப்யூட்டர் பாஷையில் எழுதி வைத்துவிடுவார்கள். நாம் பொத்தானை அமுக்கினால், அந்த நிமிஷத்தில் ஒரு படம் பிறக்கும். என்ன படம் வரும் என்று ஓவியருக்கே தெரியாது. அதே போல இன்னொன்று உலகத்தில் வராது. அது நமக்குத்தான் சொந்தம் என்பதற்கு அடையாளமாக ஒரு டோக்கன், நம்முடைய வாலட் என்கிற கணக்கில் வந்து உட்காரும்.

அந்தக் கூடத்தில் பல தேசத்து ஆட்கள் உண்டு. எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். போன் அதை ஒரு மாதிரித் தமிழாக்கித் தரும். பதில் எழுதினால் என் எழுத்துப் பிழை ஆங்கிலத்திலும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, எல்லாவற்றுக்கும் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் போடுவேன். யாராவது படம் வாங்கினால் கைகூப்பு. இரண்டு பேர் சண்டை போட்டாலும் கைகூப்பு. கொஞ்ச காலத்தில் என்னை அங்கே ஏதோ பெரிய ஞானி என்று நினைத்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை எல்லாரும் குரலில் பேசுகிற கூட்டம் நடக்கும். நான் மைக்கை மூடி வைத்துக்கொண்டு கலந்துகொள்வேன். மூடியிருந்தும் மூச்சைச் சத்தமில்லாமல்தான் விடுவேன்.

இலவசமாகக் கிடைத்த சில சின்னப் படங்களை வைத்துத் திருப்தியாக இருந்தேன். அப்போது ஒரு குளிர் தேசத்துப் பெண்ணின் படத் தொடர் வந்தது. ஜஸ்டின் என் வாலட்டில் கொஞ்சம் பணம் போட்டு, “அத்தான், பொறந்த நாளுக்கு எனக்க வக. ஒண்ணு எடுங்க” என்றான்.

காரக்கோணத்தில் ஆஸ்பத்திரி வாசலில் மெத்தை ஏற்றுவதற்காக வண்டியை நிறுத்தியிருந்தேன். பொத்தானை அமுக்கினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பு எழுத்தில் என்னவோ வந்தது. வாசிக்கத் தெரியவில்லை. சிவப்பு என்பது மட்டும் தெரிந்தது. பணம் போயிற்று, ஜஸ்டின் போனான், போலீஸ் வருகிறது என்று வரிசையாக எல்லாம் கண்ணில் தெரிந்தது. அந்தப் பயத்தில் சத்தமாகவே பொருத்தனை செய்துவிட்டேன்: “கர்த்தாவே, இந்தப் படம் மட்டும் வந்துதுண்ணா, அறுப்பின் பண்டிகைக்கு அதையே காணிக்கையா தாறேன்.”

உடனே படம் வந்துவிட்டது.

படத்தைப் பார்த்த பிறகு பொருத்தனை செய்திருக்க வேண்டும். ஏனென்றால் அது அப்படி ஒரு படம். நூல் போன்ற ஆயிரக்கணக்கான நீலக் கோடுகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து போகின்றன. கீழே வலது மூலையில் ஒரே ஒரு சின்ன மஞ்சள் சதுரம். கோடுகள் எல்லாம் அதன் பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டுப் போகின்றன. இத்தனை கூட்டத்துக்கு நடுவில் யாரோடும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிற ஒருத்தனுக்கு எல்லாரும் மரியாதையாக வழிவிடுகிற மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெத்தைக்காரர் வந்து, “ஓய் செல்லையன், உள்ள ஆருக்காவது சீரியஸா?” என்று தோளைத் தொட்டார்.

எங்கள் பழைய மிஷன் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் முதல் பலனைக் கொண்டுபோய் வைப்பார்கள். வாழைக்குலை, சேவல், சக்கை என்கிற பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நான் ஜஸ்டினுக்குப் போன் செய்து அழாத குறையாகச் சொன்னேன்.

அவன் சிரித்தான். “அத்தான், அச்சடிச்ச தாள ஃபிரேம் போட்டுக் குடுங்க. டோக்கன் உங்களுட்டயே இருக்கட்டு. ஆரு அறியப்போறா?”

“தெய்வம் அறியும்லா மக்கா.”

“தெய்வத்துக்கு வாலட் உண்டா அத்தான்?”

அவனுக்கு விளையாட்டு. காணிக்கையில் பாதியை மறைத்தவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவன் நான். கொடுத்தால் தாளும் டோக்கனும் சேர்த்துத்தான். ஏலத்தில் எடுக்கிறவருக்கு இரண்டும் போகும். ஆனால் ஒரு வழி இருந்தது. கொண்டுவைத்த பொருளை வைத்தவனே ஏலத்தில் திரும்ப எடுக்கலாம். தடை இல்லை. இந்தப் படத்துக்கு யார் போட்டிக்கு வரப்போகிறார்கள்? கூட்டத்தில் ஒரே ஒரு தரம் வாயைத் திறந்து ஒரு விலை சொன்னால் போதும்.

அந்த ஒரு தரத்தை நினைத்து வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில் அச்சடிக்கப் போனபோது, கடைக்காரர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது ஆருக்க ஸ்கேன் அண்ணா? இந்த மஞ்சக் கட்டிய டாக்டருட்ட காட்டியாச்சா?” என்றார். ஃபிரேமில் திராட்சைக் கொடி செதுக்கிய தங்க நிறம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையே போட்டுத் தந்தார்.

பண்டிகை நாள். என் படம் ஒரு பெரிய சேனைக்கிழங்குக்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் இருந்தது. ஏலம் விடுகிறவர் இறைச்சிக்கடை வில்சன் அண்ணன். அவருக்கு மைக் தேவையில்லை, இருந்தாலும் கொடுப்பார்கள். படத்தைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். “செல்லையா, இது எந்தா சாதனம்? ரெண்டு வார்த்த சொல்லு” என்று மைக்கை நீட்டினார்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “கம்ப்யூட்டர் வரஞ்சது. நான் அமுக்கினேன்.”

பின்னாலிருந்து ஒரு குரல், “அப்ப கம்ப்யூட்டருல்லா காணிக்கை குடுக்கணும்?” சபை சிரித்தது. நான் ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முதல் விலை சொன்னது தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த வாத்தியார் ராஜய்யன் சார். ஒரு கோழி விலை. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. “ஃபிரேம் கொள்ளாம் வேய், நல்ல ஃபிரேமு. உள்ள உள்ள தாள உருவிக் களஞ்சிட்டு, பேத்திக்க ஞானஸ்நானப் படத்த வைக்கலாம்.”

உருவிக் களைவதாம்! எங்கிருந்து சத்தம் வந்ததோ, தூணுக்குப் பின்னால் இருந்து இரண்டு கோழி விலையைக் கத்திவிட்டேன். ராஜய்யன் சார் சிரித்துக்கொண்டே கையை விரித்தாராம். அதை நான் பார்க்கவில்லை. என் தலை குனிந்தே இருந்தது. எனக்குத் தெரிந்தது செருப்புகள் மட்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஏலத்தில் பெரிய ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் மூக்கைத் தடவுவார், ஒருவர் புருவத்தைத் தூக்குவார். வில்சன் அண்ணன் அதைப் பார்த்து விலையை ஏற்றுவார். ஆகவே “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்று சொல்லி அவர் ஒரு கணம் நிறுத்தியதும், யாரோ மூக்கைத் தடவிவிட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று கோழி விலை சொன்னேன்.

அமைதி. அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. இப்போது யார் புருவத்தைத் தூக்கினார்களோ? ஓர் ஆட்டின் விலை சொன்னேன்.

வில்சன் அண்ணனின் குரல் கொஞ்சம் தடுமாறியது. “ஆ... ஆட்டு விலைக்கு செல்லையன்... ஒரு தரம்...” அவர் போதகரைத் திரும்பிப் பார்த்தாராம். அவர் திரும்பிய செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ பலமான ஆள் இருக்கிறான்! என் படத்தை உருவிக் களையப்போகிறான்! இரண்டு ஆடு என்றேன். குட்டியும் சேர்த்து என்றேன். வேர்வை கண்ணில் இறங்கியது. கோவில் முழுக்க மூச்சுச் சத்தம்கூட இல்லை. எதிரி அவ்வளவு அழுத்தமானவன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, சினைப் பசு ஒன்றின் விலையைச் சொல்லிவிட்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து சுகந்தியின் குரல் வந்தது.

“ஷைனிக்க அப்பா! எதிர ஆருமே இல்ல! நீங்க ஆருட்ட மல்லுக்கு நிக்கிய?”

தலையைத் தூக்கினேன். சபை மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. யாருடைய கையும் மூக்கில் இல்லை. ராஜய்யன் சார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: பஸ்ஸாக இருந்தால் அடுத்த நிறுத்தத்திலாவது இறங்கியிருக்கலாம்.

போதகர் (நாங்கள் ஐயர் என்போம்) நல்ல மனிதர். “செல்லையன் முதல்ல சொன்ன விலையே போதும்” என்றார். அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. ஆனால் சுகந்தி எழுந்து நின்றாள்.

“அது சரியாவாது ஐயரே. தெய்வத்துக்க முன்னால விளிச்சது விளிச்சதாக்கும். நாளைக்கு எனக்கு ஊருக்குள்ள நடக்கண்டாமா?”

“அதுக்கு ரூவா?” என்றேன் மெல்ல.

“ரூவா எங்க இருக்கு? பசு விலையில்லா சொன்னிய? வீட்டுல பசு நிக்கில்லியா?”

எங்கள் ஒரே பசு அடுத்த ஞாயிறு கோவில் முற்றத்தில் ஏலத்துக்கு வந்தது. நான் கிட்டத்தில் வரக்கூடாது என்று சுகந்தி என்னை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போனாள். பசுவை ராஜய்யன் சார் எடுத்தார்.

படம் எனக்கே வந்தது. டோக்கனும் முறைப்படி கைமாற வேண்டும் அல்லவா? ஜஸ்டினிடம் கேட்டேன். “உங்களுட்ட இருந்து உங்களுக்கே அனுப்பணுமா அத்தான்?” என்று போனை வைத்துவிட்டு, சிரித்து முடித்துப் பிறகு கூப்பிட்டான். என்னிலிருந்து எனக்கே அனுப்பினேன். அதற்கும் ஒரு கட்டணம் பிடித்தார்கள். ஓவியக் கூடத்தில் அதைக் கவனித்து ஏன் என்று கேட்டார்கள். ஜஸ்டின் கதை முழுவதையும் அங்கே எழுதிவிட்டான். அந்தக் குளிர் தேசத்துப் பெண் சிரித்து அழுகிற முகங்களாக ஒரு வரி நிறையப் போட்டு, பசுவின் பெயர் என்ன என்று கேட்டாள். நான் கைகூப்பு போட்டேன்.

சபைக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது: ஒருத்தர் சொன்ன விலைக்கு மேல் அவரே விலை சொல்லக் கூடாது. வருஷா வருஷம் ஏலத்துக்கு முன்னால் வில்சன் அண்ணன் மைக்கில், “இனி செல்லையன் சட்டம் வாசிக்கப்படும்” என்று சொல்லித்தான் தொடங்குகிறார். நான் அந்த நேரம் ஆட்டோவில் இருப்பேன்.

படம் இப்போது எங்கள் முன்னறையில் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் பால் விடாத கட்டன் சாயாதான். வந்தவர்கள் டம்ளரைப் பார்த்துவிட்டு, “பால் இல்லியா சுகந்தி?” என்று கேட்பார்கள். அவள் முகவாயால் மஞ்சள் சதுரத்தைக் காட்டி, “பாலா? அந்தா, சுவத்துல மாட்டியிருக்கு” என்பாள்.

எழுதி முடித்தது: சிங்ஙம் (நம் ஆவணி) ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.