விருந்தினர் அறைப் பதிவேடு

இதை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் முதியோர் குடியிருப்பின் ஆவண அறையில் என்னோடு அமர்ந்து பணியாற்றும் ஓய்வுபெற்ற செவிலியர். கூட்டியோ குறைத்தோ பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. எனக்கு உண்டென்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

மாதம் ஒருவராவது போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலம். பிள்ளைகள் வருவார்கள், கட்டிலை எடுத்துக்கொண்டு, காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார்கள். நம் வரலாற்றை நாமே காப்போம் என்று எஞ்சியவர்கள் தொடங்கியதுதான் அந்த அறை. எல்லோருக்கும் கண் மங்கல் என்பதால் ஒரு முறை வகுத்திருந்தோம்: எந்தத் தாளையும் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் நகலெழுத வேண்டும்.

"வரலாறு அழியக் கூடாது! இனிமே தினம் காலையில எனக்கு ஆவணப் பணிதான்!" என்று சூளுரைத்தார் எங்களோடு குடியிருந்த ஓய்வுபெற்ற சர்வேயர். ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவர். மனைவியை மட்டும் அளக்கத் தெரியாதவர்.

"பால் திரிஞ்சதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாது. நீங்க வரலாற்றைக் காப்பாத்தப் போறீங்களா?" என்றார் அம்மையார்.

"இதோட அருமை உனக்கென்ன தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்! போயிட்டு வாங்க."

சர்வேயரை ஆவண அறைக்கு இழுத்தது வரலாறு அல்ல. விருந்தினர் அறைப் பதிவேடு. அவர்கள் குடிவந்த ஆண்டே அம்மையார் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பணிவிடை நான்கே நாளில் கசந்தது. வெளியூர்க் கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டும் என்று பெட்டியோடு புறப்பட்ட கணவர், பின்கட்டடத்து விருந்தினர் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். பதிவேட்டில் 'தங்கும் நோக்கம்' என்ற கட்டத்தில், அரசு ஊழியரின் பழக்கதோஷத்தால், உண்மையையே எழுதித் தொலைத்தார்: 'அமைதி'.

ஆவணப் பணிக்கு வந்த மூன்றாம் நாள் அந்தப் பதிவேடு அவர் கைக்குக் கிடைத்தது. செவிலியர் மூக்குக்கண்ணாடியைத் தேடிய நேரத்தில் அந்தத் தாளைச் சர்வேயர் கிழித்தார். தேதியையோ சாப்பாட்டுக் கணக்கையோ பாராமல் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

"என்ன, இன்னைக்கு வரலாறு சீக்கிரம் முடிஞ்சுதா?" என்றார் அம்மையார், அவர் அறைக்குத் திரும்பியதும்.

"எல்லாம் ஒழுங்குபடுத்தியாச்சு."

"அந்தப் பக்கத்தைப் போன வாரமே நகலெடுத்தாச்சுங்க. நர்ஸம்மா படிச்சாங்க, நான் எழுதினேன்."

"நீயா?"

"மத்தியானம் நீங்க தூங்குறப்போ நான் எங்கே போறேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

சர்வேயர் கட்டிலில் சாய்ந்தார். "அப்போ... போன வாரம்தான் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். 'ஐயாவுக்குப் பின்கட்டடத்துல கொடுத்துட்டேன், இது உங்களுக்கு'ன்னுதானே சாப்பாட்டுக்காரர் தட்டை வச்சாரு."

"ஏன் கேக்கலை?"

"எழுந்து வந்து கேக்கக் கால் இல்லை. கால் வந்தப்போ கேக்க மனசு இல்லை."

மறுநாள் அம்மையார் பெட்டி கட்டினார்.

"எங்கே?"

"பின்கட்டடத்துக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க இருந்த அத்தனை நாளைக்கு. பதிவேட்டுல பார்த்துக்கோங்க."

பார்க்க அந்தத் தாள் ஏது? ஐந்து நாளா, பத்து நாளா, அவருக்கு நினைவில்லை. நகலைக் கேட்டால் நாலு பேர் நடுவே செவிலியர் உரக்கப் படிப்பார், முறை அது. ஐந்து கழிந்தது, பத்தும் கழிந்தது. காய்ச்சல் வந்தது, தண்ணீர் எடுத்துத் தர ஆளில்லை. அடுத்த அறைக்காரர் இறந்தார். துக்க வீட்டில் மனைவி எதிரே அமர்ந்திருந்தார். யாரோ தெரிந்தவருக்குச் செய்வதுபோல் தலையை மட்டும் அசைத்தார். வாழ்நாள் முழுவதும் அளந்தே பிழைத்த மனிதர், அளவு தெரியாமல் கதவையே பார்த்துக் கிடந்தார்.

ஒரு நாள் பிற்பகல் கதவு திறந்தது.

"தீர்ந்துதா?" என்றார் சர்வேயர்.

பெட்டியைக் கீழே வைத்தார் அம்மையார்.

"பதினேழு நாளும் ஒரு மத்தியானச் சாப்பாடும்."