துரையின் பகல் தூக்கம்

"துரை, தலையை எடுடா."

துரை எடுக்கவில்லை. தையல் மெஷின் பெடல்மேல் மோவாயை வைத்து அப்படியொரு தூக்கம். கால் வைக்க இடமில்லாமல் தையற்காரர் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி ஒரு காலர் தைத்தார். அது கோணிக்கொண்டது.

துரை அவர் மனைவி வளர்த்த நாய். பெயருக்கேற்ற திமிரும் அவள் கொடுத்ததுதான். அவள் போனபிறகு அந்த வீட்டில் அவருக்கு மிச்சமிருந்த உயிர் அது ஒன்றே. கொஞ்ச நாளாக அதுவும் பகலெல்லாம் சுருண்டு கிடந்தது. அவளும் கடைசியில் இப்படித்தான் தூங்கித் தூங்கியே போனாள்.

கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"நாய்க்குப் பாதி நாள் தூக்கம் வேணும். வயசானா இன்னும் கொஞ்சம் கூட," என்றார் டாக்டர். "ராத்திரி எப்படித் தூங்குது?"

"எனக்கெங்க தெரியும்? நான் படுத்தா கட்டைதான்."

"பகல்ல தூங்க விடாம விளையாட்டுக் காட்டுங்க."

அமுக்கினால் கத்தும் ரப்பர் பந்து ஒன்று வாங்கினார். துரை அதைத் தலையணையாக்கிக்கொண்டது. அது புரளும்போதெல்லாம் பந்து கத்த, இவர்தான் திடுக்கிட்டு விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டார். சரி, நடக்கவிட்டுப் பார்ப்போமென்று கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். துரை நடுரோட்டில் படுத்துவிட்டது. ஹாரன் சத்தங்களுக்கிடையே அதைத் தூக்கித் தோளில் போட்டதில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இதைப் போட்டா வலியும் தெரியாது, தூக்கமும் நல்லா வரும்," என்று மருந்துக் கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். வந்தது. ஆனால் இவர் அசந்து தூங்கத் தூங்க, துரையின் நிலைமை இன்னும் மோசமானது. சாப்பாட்டுத் தட்டிலேயே மூக்கை வைத்துத் தூங்கியது.

தையற்காரர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதே விட்டார்.

"நீயும் என்னை விட்டுட்டுப் போயிடாதடா."

தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த கீழ்வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னண்ணா ஆச்சு?"

"பகல் பூரா தூங்குதும்மா. இதுவும் போயிடுமோன்னு பயமா இருக்கு."

அவள் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தூங்கட்டும் விடுங்கண்ணா. தினம் ராத்திரி நீங்க தூக்கத்துலயே அண்ணியைக் கூப்பிட்டுக்கிட்டுப் படியிறங்கி ரோட்டுக்குப் போறீங்க, அதுதானே உங்க பேன்ட்டைக் கவ்வி வீட்டுக்கு இழுத்துட்டு வருது!"