காருக்குப் புரோக்கர்

பொய் சொல்லத் தெரியாமல் பழைய கார் வியாபாரத்தில் இறங்கிய ஒரே மனிதர், ஹட்டன் மெய்யப்பன்தான். உலகத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் அவர் பட்டினியால் போய்ச் சேர்ந்திருப்பார். மெய்யப்பன் என்பது அவர் பெயர் அல்ல, ஊர் வைத்தது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஒருமுறை வேன் வாங்க வந்தவரிடம், "மழை பேஞ்சா உள்ளுக்க உக்காந்து குடை புடிக்கணுங்க" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆள் வருவதற்குள், வாயே திறக்கக் கூடாது என்று வேன்காரர் சத்தியம் வாங்கிக்கொண்டார். மெய்யப்பன் வாயைத் திறக்கவில்லை. வேனுக்குள் ஏறி, ஒழுகுகிற இடத்துக்கு நேர்கீழே உட்கார்ந்து, கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் வாங்குகிறவர்கள் அவரை வீடு தேடிப் போய் அழைத்தார்கள். அதே ஆட்கள் விற்கும்போது அவரைக் கண்டால் சந்துக்குள் ஒளிந்தார்கள். நானும் அந்த ரகந்தான்.

நான் மஸ்கெலியாவில் வாத்தியார். என் கார் ஏற்றத்தில் நின்றுவிடும், மழையில் கிளம்பாது. ஏற்றமும் மழையும் இல்லாத இடம் மஸ்கெலியாவில் எங்கள் வீட்டு அடுப்படி மட்டுந்தான். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் என் காரைக் கண்டதுமே கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மாஸ்டர், இன்னைக்குத் தள்ள எத்தன பேரு வேணும்?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

என் மனைவி கமலாவுக்கு எட்டாம் மாதம் பிறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"இந்தக் காரை நம்பி நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன். அவங்க தள்ளி முடிக்கிறதுக்குள்ள ரோட்டுலயே புள்ள பொறந்துரும்" என்றாள்.

விற்கவும் வாங்கவும் இரண்டு புரோக்கரைத் தேட நேரமில்லை. மெய்யப்பனையே இரண்டுக்கும் பிடித்தேன்.

பட்டிப்பொலயிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் என் காரைப் பார்க்க வந்தார். "ஏத்தம் ஏறுமுங்களா?" என்று கேட்டார்.

"புலி மாதிரி பாயும்" என்றேன் நான்.

"புலிதாங்க. பின்னால நாலு பேரு தள்ளுனா பாயும்" என்றார் மெய்யப்பன். அதோடு விட்டாரா? பானட்டைத் திறந்து, எது போயிருக்கிறது, எது போகப்போகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பேக்கரிக்காரர் பஸ் ஏறிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க யாருக்குண்ணே புரோக்கர்? எனக்கா, அவருக்கா?"

"காருக்கு, மாஸ்டர்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் பேக்கரிக்காரர் திரும்பி வந்தார்.

"நான் பாத்த மத்த கார்ல எல்லாம் ஒரு குறையும் இல்லன்னு சொன்னாங்க. பயமா இருந்திச்சி. இதுல என்ன குறைன்னாவது தெரியுது. மச்சானோட கராஜ்ல செஞ்சிக்கிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். துரோகியாக இருந்த மெய்யப்பன் எனக்கு அன்றைக்கே தெய்வமாகிவிட்டார்.

அடுத்து வாங்கும் படலம். ஹட்டனில் பளபளவென்று ஒரு சிவப்புக் கார். நான் மனதுக்குள் அதற்கு மாலையே போட்டுவிட்டேன். மெய்யப்பன் அடியில் படுத்து ஊர்ந்து, முதுகெல்லாம் சேறாக வெளியே வந்தார்.

"இது ரெண்டு காருங்க. முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. நடுவுல ஒட்டு போட்டிருக்காங்க."

கார்க்காரர் எங்களைத் தெருமுனை வரைக்கும் துரத்தினார்.

இப்படி ஆறு கார் கழிந்தது. ஏழாவது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனிலேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. சாம்பல் நிறம், சின்ன வண்டி, எங்கள் கைக்கு எட்டுகிற விலை.

"தம்பி, இவ்வளவு காலமும் இதிலதான் பள்ளிக்கூடம் போனனான். ஒருநாளும் நடுவழியில விடேல்லை" என்றார் அவர்.

மெய்யப்பன் ஒரு மணி நேரம் தேடினார். அடியில் படுத்தார், டிக்கியில் தலையை விட்டார், நுவரெலியா ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தார். கடைசியில் இழவு வீட்டுக் குரலில், "ஒண்ணுமே கெடைக்கல மாஸ்டர்" என்றார். வண்டியை இன்னொரு சுற்று வந்தவரின் முகம் மலர்ந்தது. "கலர் அசிங்கமா இருக்கு. வாங்குங்க!"

"அது உண்மைதான்" என்றார் ஆசிரியை.

இரண்டு வாரம் கழித்து, கொட்டுகிற மழையில், காலையில் கமலாவுக்கு வலி எடுத்தது. அந்த அசிங்கக் கலர் கார் ஒரு திருப்பத்தில்கூட இருமவில்லை. மழையாச்சே என்று கூடையை இறக்கி வைத்துத் தயாராக நின்ற பெண்களைத் தாண்டி நாங்கள் போனபோது, "ஏய், மழையிலயும் நிக்காம போகுதுடி!" என்று ஒருத்தி கத்தியது கேட்டது. மத்தியானத்துக்குள் மகள் பிறந்தாள். இருவரும் சுகம்.

சொந்தம், தெரிந்தவர்கள் என்று வார்டு வாசலில் ஒரு கூட்டமே கூடி, மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று சண்டை போட்டது. மெய்யப்பனும் வந்தார். அவர் தொட்டில் பக்கமே போகவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டைய உள்பக்கம் வெளிய போட்டிருக்கீங்க மாஸ்டர். கண்ணு உள்ள போயிருச்சு. காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல."

மூன்றும் உண்மை. கையிலிருந்த ரொட்டிப் பார்சலைப் பிரித்து என் முன்னால் வைத்தார். குழந்தையைப் பார்க்க அத்தனை பேர் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்தது அவர் ஒருவர்தான்.